களக் கைக்கடிகாரம்

களக் கைக்கடிகாரம் என்பது போர்க்களம், நில அளவை, மலைப்பயணம் முதலிய கடும் பணிகளுக்கென, அலங்காரத்தை ஒதுக்கி, உறுதியையும் நொடியில் மணி பார்க்கும் தெளிவையும் முதன்மையாகக் கொண்டு செய்யப்படும் கைக்கடிகாரமாகும். கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், இருளில் ஒளிரும் முட்கள், நீர்புகாத கூடு ஆகிய அதன் அடையாளங்கள், இரண்டாம் உலகப்போரின் இறுதியில் பிரித்தானியப் படைக்குப் பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்கள் செய்தளித்த கடிகாரங்களில் நிலைபெற்றன.

இந்தியாவில் இம்மரபை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தவை, பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிலின் வழிவந்த பைலட், ஜவான் ஆகிய வகைகளாகும். நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய இவற்றில், உராய்வைக் குறைப்பதற்காக, சக்கர அச்சுகளின் முனைகள் முதலிய இடங்களில் 17 செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கடிகாரம் கைதவறி விழுந்தால் முதலில் ஒடிவது, நேரத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சுமுனையே. ஆகவே அம்முனையைத் தாங்கும் கல், அதிர்ச்சியில் சற்றே விலகி மீண்டும் தன்னிடத்தில் அமரும்படி ஒரு சிறு வில்லால் பிடிக்கப்பட்டிருந்தது. முகப்பில் அச்சிடப்பட்ட 'பாராஷாக்' என்னும் சொல் இவ்வமைப்பையே குறித்தது.

மின்கலத்தால் இயங்கி, நொடிக்கு 8,192 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் காட்டும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீக்கோ 1969இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபின், துல்லியத்திலும், சில ஆண்டுகளில் விலையிலும், எந்திரக் கடிகாரம் பின்தங்கியது. இந்தியாவில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது, டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனமாகும். ஓசூர் ஆலையிலிருந்து வந்த அதன் குவார்ட்ஸ் வகைகள் கடிகாரத்தை அணிகலனாகவும் ஆக்கியதால், உழைப்புக்கென வடிவமைக்கப்பட்ட எளிய முகப்பு பழமையானதாகத் தோன்றலாயிற்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தது.

எனினும், இவ்வீழ்ச்சியில் ஈடுசெய்ய முடியாத இழப்பு பழுதுபார்ப்பு மரபின் சிதைவே ஆகும். ஊர்தோறும் ஒற்றைக்கண் உருப்பெருக்கியுடன் அமர்ந்திருந்த கடிகாரப் பழுதுநர்கள், பாகங்களைக் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு, அதே கடிகாரத்தைப் பல்லாண்டுகள் ஓடச் செய்தனர். மலிவான குவார்ட்ஸ் பொறியோ, பழுதானால் முழுமையாக மாற்றப்படுவது. இன்று பைலட் வகைக்குச் சேகரிப்பாளரிடையே மீண்டும் மதிப்பு கூடியுள்ளபோதிலும், சந்தையில் கிடைப்பவற்றுள் பல, பழைய பொறியின் மேல் புதிதாக வண்ணமிட்ட முகப்பைப் பொருத்தி விற்கப்படுபவையே.