போல்ட் போட்டுச் சேர்த்த கார்: ஹெரால்டு பிறந்த கதை

பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் வைத்துத் தன் கையாலேயே சீர்செய்து, கொஞ்ச காலம் ஓட்டி மகிழ்ந்து, பிறகு அருமை தெரிந்த ஒருவருக்கு விற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வண்டியில் ஆரம்பிக்கலாம் என்பதைத்தான். சிலர் அம்பாசடர் என்பார்கள், சிலர் பத்மினி என்பார்கள். நான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பேன். சென்னையில் செய்த வண்டி என்கிற பாசம் எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் காரணம் அதைவிடப் பெரிது. கழற்றி மாட்டுவதற்கென்றே செய்தது போன்ற உடம்பு அந்தக் காருக்கு. அந்த உடம்பு அதற்கு வாய்த்த கதை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில், ஒரு நெருக்கடியில் தொடங்குகிறது.

1903-இல் கவென்ட்ரியில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் டிரையம்ஃப் கம்பெனியையும் வாங்கிக்கொண்டது. 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற 803 சிசி சிறிய கார், அடுத்த ஆண்டே 948 சிசி எஞ்சினோடு ஸ்டாண்டர்டு டென். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஸ்டாண்டர்டே செய்தது. உடம்பை மட்டும் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி தகட்டில் அழுத்தி, வெல்டிங் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த 1953-இல்தான் இடி விழுந்தது. ஆஸ்டினும் மாரிஸும் இணைந்து உருவான பி.எம்.சி. என்ற பெருங்கம்பெனி, ஃபிஷர் அண்ட் லட்லோவை விலைக்கு வாங்கிவிட்டது. சந்தையில் நேருக்கு நேர் மோதுகிற போட்டியாளன் கையில் இப்போது ஸ்டாண்டர்டு காரின் உடம்பு. இனி வரப்போகிற புதிய மாடல்களுக்கு உடம்பு செய்து தர முடியாது என்பதும் விரைவில் தெளிவாகிவிட்டது.

இது எவ்வளவு பெரிய அடி என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய கார்கள் செய்யப்பட்ட விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் உடம்பு என்பது பழைய முறை. ஐம்பதுகளில் எல்லோரும் அதைக் கைவிட்டு, உடம்பே எல்லாப் பாரத்தையும் தாங்கும்படி தகடுகளை ஒன்றாக வெல்டிங் செய்யும் ஒற்றைக்கூடு முறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எடை குறையும், உறுதி கூடும். ஆனால் அதற்கு ராட்சத பிரஸ்கள் வேண்டும், பெரும் செலவில் அச்சுகள் வேண்டும், முழு உடம்பையும் ஒரே கூரையின்கீழ் செய்து முடிக்கிற ஆலை வேண்டும். இவை எதுவும் ஸ்டாண்டர்டிடம் இல்லை.

நிர்வாக இயக்குநர் ஆலிக் டிக், பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் இருவர் தலையிலும் இந்தப் பாரம் விழுந்தது. ஊரே முன்னே போகும்போது வெப்ஸ்டர் துணிந்து பின்னே போனார். தனிச் சேஸிஸ்தான் என்று முடிவு செய்தார். முழு உடம்பைச் செய்து தர ஆள் இல்லாவிட்டால் என்ன, துண்டு துண்டாகச் செய்து தரச் சின்ன ஆலைகள் இருக்கின்றன அல்லவா? ஒரு பகுதி பர்மிங்ஹாமில், இன்னொரு பகுதி லிவர்பூலில் என்று வெவ்வேறு இடங்களில் செய்து, எல்லாவற்றையும் கவென்ட்ரிக்குக் கொண்டுவந்து, கழற்றி மாட்டும் தேக்குக் கட்டிலைச் சேர்ப்பதுபோல போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். இந்தத் திட்டத்துக்கு வைத்த சங்கேதப் பெயர் ஜோபோ.

வழி கிடைத்துவிட்டது, முகம் அமையவில்லை. கம்பெனிக்குள்ளேயே வரைந்து பார்த்த வடிவங்கள் யார் மனதையும் தொடவில்லை. அந்த நேரத்தில்தான் இத்தாலியின் ட்யூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வந்து சேர்ந்தார். மிக வேகமாக வரையக்கூடிய கை அவருடையது. கூரான கோடுகள், பெரிய கண்ணாடிகள், மெல்லிய தூண்கள், பின்னால் சின்னச் சிறகுபோல எழும்பும் மட்கார்டு. 1957 முடிவதற்குள் முதல் மாதிரி வண்டி இத்தாலியிலிருந்து கவென்ட்ரிக்கு வந்துவிட்டது. பின்னாளில் ஸ்பிட்ஃபயர், டி.ஆர். 4, ஸ்டாக் என்று டிரையம்ஃபின் அழகான வண்டிகள் பலவற்றை வரைந்ததும் அதே கைதான்.

மாதிரி வண்டிகள் இரண்டை 1958-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கேப் டவுனிலிருந்து வடகோடியில் டாஞ்சியர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. எஞ்சின் ஸ்டாண்டர்டு டென்னின் அதே 948 சிசி. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற ஸ்டியரிங். அன்றைய லண்டன் டாக்சிக்கு இருந்த அதே திறமை.

குறைகளும் கூடவே பிறந்தன. வெவ்வேறு ஆலையில் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. ஆரம்ப கால வண்டிகளில் இடைவெளிகள் கோணலாக இருந்தன, மழைநீர் ஒழுகியது. 1961-இல் ஸ்டாண்டர்டு, லேலண்ட் கம்பெனி கைக்குப் போன பிறகு 1147 சிசி எஞ்சினோடு ஹெரால்டு 1200 வந்தது. அதன்பின் நிலைமை சீரானது. ஆனால் துண்டுகளாகப் பிறந்ததில் ஒரு நன்மை அப்போதே தெரிந்துவிட்டது. பாரம் சேஸிஸ் மேல் இருப்பதால் கூரையைக் கழற்றினாலும் வண்டி தளராது. அதே அடித்தளத்தில் கூரை திறக்கும் கார், கூப்பே, எஸ்டேட், வேன் எல்லாம் செய்தார்கள். சேஸிஸைக் குறுக்கி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை உண்டாக்கினார்கள். பாகங்களைப் பெட்டியில் கட்டி அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, மால்டா, ஆஸ்திரேலியா என்று அனுப்பி அங்கங்கே சேர்த்தார்கள். 1971 வரை 5 லட்சத்துக்கு மேல் ஹெரால்டுகள் உருவாயின.

சென்னைக்கு அது வந்த வழி வேறு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா முதலில் வான்கார்டையும், பிறகு எய்ட், டென் கார்களையும் தந்தது. உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டுமே கார் தொழிலில் இருக்கலாம் என்று ஐம்பதுகளில் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, களத்தில் நிலைத்த மூன்று கார் கம்பெனிகளில் ஒன்று கல்கத்தாவில், ஒன்று பம்பாயில், மற்றொன்று நம் சென்னையில். 1961-இல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்தது. டென் காரால் இங்கே ஏற்கெனவே பழகியிருந்த 948 சிசி எஞ்சின்தான் கடைசிவரை. இங்கிலாந்தில் எஞ்சின் பெரிதானது. சென்னையில் குடும்பம் பெரிதானது. ஆகவே அறுபதுகளின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டையும், எஸ்டேட் வண்டியையும் சென்னையே தன் முயற்சியில் உருவாக்கியது. நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாரம் ஏற்றினால் பின்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து அடிப்பக்கம் விரிகிற சஸ்பென்ஷனை நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதை எடுத்துவிட்டு நேரான ஆக்ஸில் வைத்தார்கள். கெஸல் 1977-இல் நின்றது. பிறகு வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்று நான்கு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கம்பெனி மூடிவிட்டது.

கம்பெனி போன பிறகும் ஹெரால்டு ஓடுகிறது. அதற்கு அதன் பிறப்புதான் காரணம் என்பதை வண்டியில் கை வைத்தவுடனேயே உணரலாம். இரண்டு பக்கமும் கதவுக்கு முன்னால் உள்ள கொக்கிகளை விடுவித்து பானெட்டின் பின்விளிம்பைத் தூக்குங்கள். இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்தே எழுந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு டேப்பெட் சரிசெய்யலாம். கியர்பாக்ஸ் இறக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. சீட்டை எடுத்து, நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். பள்ளமும் லிஃப்ட்டும் இல்லாத வீட்டு ஷெட்டுக்கு இதைவிட ஏற்ற வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

உடம்பையே பிரிக்கலாம். முன்கூடு, பின்தொட்டி, கூரை என்று தனித்தனியாக வரும். நாலு பேர் கை கொடுத்தால் போதும். ஆனால் பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சேஸிஸுக்கும் உடம்புக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டின் கீழும் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று எழுதி, அந்தந்த போல்ட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கதவு ஒழுங்காகச் சாத்துவதும் சாத்தாததும் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கொட்டிக் கலந்துவிட்டு, கதவு இடிக்கிறது என்று டிங்கரிடம் கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் கெடுத்த வண்டிகளைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம் டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் நெடுக்குத் தண்டின் அடிமுனை மரையாக முடிந்து, வெண்கல வகை உலோகத்தால் ஆன ஒரு குமிழுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. இதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் எந்தத் துளையைப் பார்த்தாலும் கிரீஸ் அடித்துவிடுவது வழக்கம். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் இறுகிப்போகும், அடியில் தண்ணீர் சேரும், தண்டு துருப்பிடித்து மரைக்கழுத்தில் தேயும். ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போதே முறிந்து, சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். ஹெரால்டு அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கியது பெரும்பாலும் இதனால்தான். மேல்விளிம்பில் ஆயில் கசிகிற வரைக்கும் ஆயில் கன் வைத்து ஏற்றுங்கள். புதிதாக வாங்கிய வண்டி என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். வெளியே எடுத்தால் வலது இடது கலக்காதீர்கள். மரை எதிரெதிர்த் திசையில் ஓடும்.

வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குனிந்து சேஸிஸின் பக்கக் கைகளைப் பாருங்கள், அதாவது உடம்பைத் தாங்க இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் சட்டங்களை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா? அப்படியானால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள். முன் சஸ்பென்ஷன், பிரேக், எஞ்சின் சாமான்கள் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே குடும்பத்து ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிக்கப்பட்டதால் அவற்றில் பலவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். 1977-இல் தொடங்கிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற ஆர்வலர் சங்கங்கள் அந்தச் சந்தையை உயிரோடு வைத்திருக்கின்றன. கிடைக்காதது நம்முடையதுதான். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் எதுவும் லண்டனில் தேடினாலும் கிடைக்காது. அவை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தற்செயலாகக் கண்ணில் பட்டால், தேவை இருக்கிறதோ இல்லையோ, வாங்கி வைத்துவிடுங்கள். அதனால்தான் நான்கு கதவு வண்டியைச் சீர்செய்வதையே இந்தப் பொழுதுபோக்கின் மேலான வேலையாக நான் மதிக்கிறேன்.

விற்கும்போது காகிதம்தான் பேசும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவின்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகவும் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. பழைய பதிவு எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டம் மட்டும் கூடாது; கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று எடுத்துச் செல்லலாம். சென்னை ஹெரால்டுகள் எல்லாமே 50-ஐக் கடந்துவிட்டன. ஆனால் சேஸிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வேறு எஞ்சின் மாட்டிய வண்டியை விற்கிறவர் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நாணயம் போனால் அடுத்த வண்டி விலைபோகாது.

உங்கள் வீட்டிலோ உறவினர் தோட்டத்திலோ ஒரு ஹெரால்டு நின்றுகொண்டிருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பானெட் தனி, கூரை தனி, கதவு தனி என்று எது நன்றாக இருந்தாலும் அது இன்னொரு வண்டியைப் பிழைக்க வைக்கும். நீங்களே செய்ய முடியாவிட்டால் செய்கிறவர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள், ஆர்.சி. புத்தகத்தையும், கழற்றிப் பரணில் போட்டு வைத்திருக்கும் சாமான்களையும் மறக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.