கைவினைக்கு இடம் உண்டு, கைகளுக்கு இல்லை: சூரஜ்குண்ட் மேளாவின் வரலாறு



சாதி ஒழிப்புக்காக உழைத்தவரை நினைவுகூரும் மேடையில் ஒரு கைவினைச் சந்தையைப் பற்றிப் பேசப்போகிறேன். சந்தையில் பொருளைப் பார்க்கிறோம். விலை கேட்கிறோம். அதைச் செய்தவர் எங்கே குடியிருக்கிறார், மூலப்பொருளை எங்கிருந்து எடுக்கிறார், அந்தத் தொழிலை விட்டுவிட அவருக்கு வழி உண்டா என்று கேட்பதில்லை. இந்தக் கேள்விகளோடு ஒரு சந்தையின் வரலாற்றைப் படித்தால், அது நிலத்தின் வரலாறாகவும் சாதியின் வரலாறாகவும் மாறிவிடுகிறது.

டெல்லியின் தெற்கு எல்லையை ஒட்டி, ஹரியானாவின் ஃபரிதாபாத் மாவட்டத்தில் ஆரவல்லிக் குன்றுகள் இருக்கின்றன. முள்மரமும் புதரும் மண்டிய வறண்ட காடு அது. அங்கே லக்கர்பூர் கிராமத்துக்கு அருகில் சூரஜ்குண்ட் என்ற பழைய குளம் இருக்கிறது. தோமர் அரசன் சூரஜ்பால் பத்தாம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்கிறார்கள். நாட்டின் மிகப் பெரிய கைவினை மேளா ஆண்டுதோறும் இங்குதான் நடக்கிறது.

மேளா வருவதற்கு முன்பு இந்த மாவட்டத்தின் குன்றுகளில் நடந்த தொழில் கல்லுடைப்பு. டெல்லியில் எழுந்த கட்டடங்களுக்கு இங்கிருந்து ஜல்லி போனது. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய இடங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட குடும்பங்கள் குவாரிகளில் உழைத்தன. 1982இல் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு, ஃபரிதாபாத் குவாரிகளின் கொத்தடிமை நிலையை விவரித்து உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. நேரில் விசாரிக்கச் சென்ற வழக்கறிஞர்கள் கிரஷர் புழுதியையும், ஓலைக் குடிசைகளையும், குடிக்கத் தகாத நீரையும் கண்டு பதிவு செய்தார்கள்.

ஹரியானா அரசின் வாதம் என்ன தெரியுமா? அங்கே கட்டாய உழைப்பு இருந்தாலும், வாங்கிய முன்பணத்துக்காகத்தான் அவர்கள் உழைக்கிறார்கள் என்று நிரூபிக்கப்படாதவரை அது கொத்தடிமை முறை ஆகாது என்றது. 1983 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால் அதைக் கொத்தடிமை என்றே கருத வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. நாடு முழுவதும் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு யாருடைய வரலாறு என்பது விளங்கும்.

அடுத்த சில ஆண்டுகளில், 1987இல், சூரஜ்குண்ட் மேளா தொடங்கியது. ஹரியானா சுற்றுலாத் துறை ஒன்றிய அமைச்சகங்களோடு சேர்ந்து நடத்தும் விழா இது. பிப்ரவரி முதல் இரண்டு வாரங்கள், மண்சுவரும் கூரையும் கொண்ட கடைகள், சௌபால் என்ற திறந்தவெளி மேடை என்று ஒரு கிராமத்தைப் போலவே திடலை அமைத்தார்கள். 1989 முதல் ஆண்டுக்கு ஒரு மாநிலத்தை மையமாக வைக்கும் வழக்கம் வந்தது. முதலில் ராஜஸ்தான். 2004இல் தமிழ்நாடு. 2013இல் அது பன்னாட்டு மேளா ஆனது. இன்று 40 ஏக்கருக்கு மேல் பரந்த திடல், பத்து லட்சத்துக்கும் அதிகமான பார்வையாளர்கள் என்பது அரசு சொல்லும் கணக்கு.

இந்த மேளாவால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் தரகரிடம் அடிமாட்டு விலைக்கு விற்கும் கைவினைஞர், பதினைந்து நாட்கள் நேரடியாக வாங்குபவரிடம் விற்கிறார். ஊரில் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தோல், இங்கே அழகுப் பொருளாகி நல்ல விலைக்குப் போகிறது. இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் யாருடைய கைவினை இது? தோலில் செருப்பும் பையும் செய்பவர்கள், நெசவும் தோல்வேலையும் செய்யும் மேக்வால்கள், மூங்கிலில் கூடை முடையும் பாசோர், பன்ஸ்போர், தூரி மக்கள் எல்லோரும் தங்கள் மாநிலங்களில் பட்டியல் சாதியினர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரையே பிரித்து அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். அந்த அடுக்கைத்தான் கடைப் பலகைகள் ‘மரபு’ என்று எழுதுகின்றன. சாதியின் பெயரை எடுத்துவிட்டு, சாதி கொடுத்த வேலையை மட்டும் காட்சிக்கு வைக்கிறார்கள்.

மூங்கிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் புல் இனமான மூங்கிலை ‘மரம்’ என்ற வகையில் சேர்த்தது. கூடை முடைபவர் காட்டில் நாலு மூங்கில் வெட்டினால் குற்றவாளி. ஆனால் 1950களின் இறுதியில் கர்நாடகத்தில் ஒரு காகித ஆலைக்கு டன்னுக்கு ஒன்றரை ரூபாய் விலையில் அரசு மூங்கில் கொடுத்தது என்பதைச் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று ஏற்று, காட்டில் வாழ்வோருக்கு அதன்மேல் உரிமை தந்தது. அதிலும் ஒரு தடை உண்டு. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். காட்டை நம்பி வாழும் தலித் குடும்பம் எந்த ஆவணத்தைக் காட்டும்? மேளாவில் அவர் செய்த கூடைக்குக் கடை இருக்கிறது. அதற்கான மூங்கிலுக்கு அவரிடம் உரிமைச் சீட்டு இல்லை.

மீண்டும் ஆரவல்லிக்கு வருவோம். 1996இல் உச்ச நீதிமன்றம் சூரஜ்குண்ட், பட்கல் ஏரி ஆகிய சுற்றுலா இடங்களைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் குவாரிகள் கூடாது என்றது. 2002இலும் 2009இலும் தடை விரிந்தது. குன்றுகளைச் சிதைத்து, நிலத்தடி நீரை வற்றவைத்து, உழைப்பவரின் நுரையீரலில் தூசியை நிரப்பிய தொழில் நின்றது சரிதான். ஆனால் குவாரித் தொழிலாளர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். லக்கர்பூர் நிலத்தில், மேளாத் திடலுக்கு அருகில் வளர்ந்த கோரி காவ்ன் குடியிருப்பின் தொடக்கம் இதுதான். பின்னர் வீட்டுவேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை செய்து நகரத்தை நடத்தும் தலித்துகளும் முஸ்லிம்களும் புலம்பெயர்ந்த பிறரும் அங்கே வந்தார்கள். பலர் தரகர்களிடம் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கியவர்கள். கையில் பட்டா இல்லை, அதிகாரப் பத்திரம்தான் இருந்தது.

2021இல் கொரோனாவால் மேளா நடக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 7 அன்று, கோரியில் உள்ள சுமார் 10,000 வீடுகளை ஆறு வாரத்துக்குள் அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது வனநிலம் என்பதே காரணம். தொற்றுக்காலம், மழைக்காலம். ஜூலையில் புல்டோசர்கள் வந்தன. இடிப்பை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை நிபுணர்கள் கேட்டுக்கொண்டதும் பலன் தரவில்லை. தகுதி உள்ளவர்களுக்கு டபுவா காலனியில் அடுக்ககக் குடியிருப்பு என்றார்கள். தகுதியை நிரூபிக்க மறுபடியும் ஆவணம் கேட்டார்கள். 2022 மார்ச் 19 அன்று மேளா திரும்ப வந்தது.

காட்டைக் காப்பது நியாயமான வேலை. கேள்வி, அந்தச் சட்டம் யார்மேல் முதலில் பாய்கிறது என்பதில் இருக்கிறது. ஹரியானாவில் ஆரவல்லியின் பகுதிகளைக் காப்பது 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம். 2019 பிப்ரவரியில் ஹரியானா சட்டமன்றம் இதைத் திருத்தி, பல்லாயிரம் ஏக்கரைக் கட்டுமானத்துக்குத் திறக்க முயன்றது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பண்ணை வீடுகளும் விருந்து மண்டபங்களும் உட்பட வனநிலத்தில் உள்ள எல்லாக் கட்டடங்களும் போக வேண்டும் என்று 2021இல் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தச் சட்டத்தின் சிறப்பு ஆணைகளுக்கு உட்பட்ட நிலம் வனமே என்று 2022 ஜூலை 21 தீர்ப்பு உறுதி செய்தது. ஆக, ஆணை எல்லோருக்கும்தான். ஆனால் வசதியுள்ளவர்களுக்காகச் சட்டத்தையே திருத்தப் புறப்பட்ட மாநில அரசு, கோரி மக்களுக்காக ஒரு வரியைக்கூடத் திருத்த முன்வரவில்லை.

மேளாவில் ‘அப்னா கர்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ‘நம் வீடு’ என்று பொருள். மைய மாநிலத்தின் மரபு வீட்டைத் திடலில் கட்டி, ஒரு குடும்பத்தை அதில் குடிவைத்து, அவர்கள் வாழ்வதை வருபவர்களுக்குக் காட்டுவார்கள். மாநிலம் பெருமைப்படும் வீடு அது. அதற்கு அருகில்தான் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் இடிந்து கிடந்தன. காட்சிக்கு வைத்த ஏழ்மை பண்பாடு ஆகிறது. வாழும் ஏழ்மை ஆக்கிரமிப்பு ஆகிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தைப்பதும் கூடை முடைவதும் அதில் உண்டு. குடும்பத் தொழிலாக அதைச் செய்பவர்களுக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வென்ற மண்ணில் இது பழைய குரலாகவே கேட்டது. தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. செருப்புத் தைப்பவரின் மகள் செருப்புத் தைக்கலாம், தைக்காமலும் இருக்கலாம். இந்த இரண்டாவது உரிமை இல்லாமல் கைவினையைப் போற்றுவது, சாதியைப் போற்றுவதாகவே முடியும்.

மாணவர்களே, கைவினைச் சந்தைகளை நாம் புறக்கணிக்கத் தேவையில்லை. அங்கே விற்பவர் நம்மவர், அவருக்கு உரிய விலை கிடைக்கட்டும். ஆனால் எந்த மேளாவுக்குப் போனாலும் மூன்று கேள்விகளோடு போங்கள். மூங்கிலுக்கும் தோலுக்கும் மரத்துக்கும் செய்பவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? திடல் இருக்கும் நிலத்தில் முன்பு உழைத்தவர்கள் இப்போது எங்கே? இந்தக் கடையில் இருப்பவரின் பிள்ளை வேறு என்ன படிக்க முடியும்? உங்கள் மாவட்டத்துக் காடுகளில் வன உரிமைச் சட்டத்தின் கீழ் தலித் குடும்பங்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குவதே, இன்று நாம் நினைவுகூரும் தோழருக்குச் செய்யும் அஞ்சலி.

ஜெய்பீம்.