பாம்பும் நிழலும்: இராகு கேதுவின் வரலாறு

ஆலயங்களில் நவக்கிரக மேடையை வலம் வரும்போது நாம் ஒன்பது உருவங்களைக் காண்கிறோம். கிழமைகளை எண்ணினாலோ ஏழுதான். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கோள்களுக்கும் நாள் உண்டு; இராகுவுக்கும் கேதுவுக்கும் இல்லை. பன்னிரண்டு இராசிகளையும் பழைய சோதிடம் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் ஒவ்வொன்று, ஏனைய ஐந்து கோள்களுக்கும் இரண்டிரண்டு எனப் பங்கிட்டு முடித்துவிட்டது. நாளும் வீடும் இல்லாத இவ்விருவர் கோள்களின் அவைக்குள் எவ்வாறு இடம்பெற்றனர்? இவ்வினாவைப் பின்தொடர்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்தில் இராகுவின் பெயரே இல்லை. இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில், சுவர்பானு என்னும் அசுரன் ஞாயிற்றை இருளால் துளைத்தான் என்றும், அத்திரி முனிவர் அதனை மீட்டார் என்றும் கூறப்படுகிறது. இராகு என்னும் பெயர் அதர்வ வேதத்தில் தோன்றுகிறது. பின்னர் மகாபாரதத்தின் ஆதி பருவம் நாம் நன்கறிந்த கதையைச் சொல்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது தேவர் உருவில் அமுதம் உண்ட அசுரனை ஞாயிறும் திங்களும் காட்டிக்கொடுத்தனர். திருமாலின் ஆழி அவன் தலையைத் துணித்தது. அமுதம் தொண்டை வரை சென்றிருந்ததால் தலை அழியவில்லை. அன்று தொட்டு அத்தலை அவ்விருவரையும் பற்றி விழுங்குகிறது.

இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அக்கதையில் உடல் மண்ணில் விழுந்து நிலத்தை அதிரச் செய்கிறது. அது கேதுவாக மாறியதாக அங்கு இல்லை. கேது என்னும் சொல்லுக்குக் கொடி, ஒளி என்பனவே பழம்பொருள்கள். பிற்காலத்தில் அச்சொல் வால்மீன்களைக் குறித்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையில், கேதுக்கள் எனப் பன்மையில் வால்மீன்களுக்கென்றே ஓர் இயல் உள்ளது. தலையற்ற உடலே கேது என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றதாகும்.

கதை இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, கணிதம் மற்றொரு வழியில் நடந்தது. 499ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபடர், திங்கள் ஞாயிற்றை மறைக்கிறது, நிலத்தின் பெருநிழல் திங்களை மறைக்கிறது எனத் தெளிவாக எழுதினார். வராகமிகிரர் அதற்குச் சான்றும் காட்டினார். திங்கள் மறைப்பு அதன் கிழக்கு விளிம்பில் தொடங்குகிறது. ஞாயிற்று மறைப்போ மேற்கு விளிம்பில் தொடங்குகிறது. திங்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலுள் நுழைவதையும் ஞாயிற்றை மூடுவதையும் எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு தானே விளங்கும். ஒரே பாம்பு இருவரையும் விழுங்குவதாயின் இது விளங்காது.

ஆயினும் வராகமிகிரர் கதையைத் தூக்கி எறியவில்லை. கிரகண வேளையில் மக்கள் அளிக்கும் படையலில் பங்கு பெறும் வரம் இராகுவுக்கு உண்டு என்று கூறி, மரபுக்கும் கணிதத்திற்கும் இடையே ஒரு பாலம் அமைத்தார். பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலோ, நிழற்கணக்கைச் செம்மையாகச் செய்தவரே இராகுவை மறுத்தவர்களைக் கடிந்துரைக்கிறார். சுமார் நானூறு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இம்முரணைக் கண்டு வியந்தார். அறிந்த உண்மையை அவையில் உரைப்பது எக்காலத்திலும் எளிதன்று.

வானியலார் இறுதியில் கண்ட தீர்வு நுட்பமானது. ஞாயிற்றின் பாதைக்குத் திங்களின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. இரு பாதைகளும் வெட்டும் இரு புள்ளிகளுக்கு அருகில் ஞாயிறும் திங்களும் உள்ளபோதுதான் கிரகணம் நிகழும். ஏறு புள்ளிக்கு இராகு என்றும் இறங்கு புள்ளிக்குக் கேது என்றும் பெயர் அமைந்தது. அவை எப்போதும் நேரெதிரே நிற்கும். பின்னோக்கி நகர்ந்து ஏறத்தாழ 18.6 ஆண்டுகளில் வட்டத்தை முடிக்கும். இவற்றைச் சாயா கிரகங்கள், அதாவது நிழற்கோள்கள், எனச் சோதிடர் அழைப்பதும், ஓர் இராசியில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்குவதாகக் கொள்வதும் இதனாற்றான்.

சோதிடம் இவற்றுக்குக் கற்பித்த பொருளிலோ பழங்கதையே பேசுகிறது. உண்டும் நிறையாத தலை இராகு. ஆகவே அடங்காத ஆசை, அயல்நாடு, திடீர் ஏற்றம் ஆகியன அவன்பாற் பட்டன. தலையற்ற உடல் கேது. ஆகவே பற்றறுத்தல், ஞானம், வீடுபேறு ஆகியன கேதுவுக்கு உரியவாயின. 120 ஆண்டுக் கணக்கான விம்சோத்தரி திசையில் இராகுவுக்கு 18, கேதுவுக்கு 7 ஆண்டுகள் ஒதுக்கப்பட்டன.

இப்பெயர்கள் கடல் கடந்தும் பயணம் செய்தன. சீனத்துத் தாங் அரசவையில் பணியாற்றிய இந்திய மரபினரான கௌதம சித்தர், 718ஆம் ஆண்டில் ஒன்பது கோள்களின் கணிதத்தைச் சீன மொழியில் தந்தார். மலாய் மொழி கிரகணத்தைக் கெர்ஹானா என்கிறது. அது நம் கிரகணம் என்னும் சொல் பிறந்த அதே வடசொல்லின் வழியது. தமிழிலும், திங்களைப் பாம்பு பற்றும் செய்தியைத் திருக்குறள் அலர் பரவுவதற்கு உவமையாக்குகிறது.

ஒரு நிகழ்ச்சியோடு நிறைவு செய்வோம். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், ஜான் வாரன் என்னும் ஐரோப்பியருக்கு 1825ஆம் ஆண்டின் ஒரு திங்கள் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டே கணக்கிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குப் பிழைத்தது 4 நிமிடங்களே. முடியும் நேரத்தில் 52 நிமிடங்கள். அவருக்குக் கணக்கின் கோட்பாடு தெரியாது என வாரன் குறித்தார்.

இந்நிகழ்ச்சி நமக்குப் பெருமையும் தருகிறது, எச்சரிக்கையும் தருகிறது. வழிமுறை தலைமுறைதோறும் கைமாறி வந்தது; காரணம் வழியில் நழுவிவிட்டது. வகுப்பறையில் ஒரு மாணவர் எழுந்து, பாம்பா நிழலா என்று கேட்பாராயின், கதையை மட்டும் கூறி அமர்த்துவதும், கதையை எள்ளி நகையாடுவதும் அவ்விழப்பையே தொடர்வனவாகும். ஒரு விளக்கையும் இரு பந்துகளையும் எடுத்து நிழலைக் காட்டுவோம். அதன்பின் சுவர்பானுவின் கதையையும் சொல்வோம். ஆரியபடரும் வராகமிகிரரும் நமக்கு விட்டுச்சென்ற மரபில் இவ்விரண்டிற்கும் இடமுண்டு.