சக்கரம் வந்தது, பானை வரலை

ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல ஒரு படம் வரும், ஞாபகம் இருக்கா? மனிதன் சக்கரம் கண்டுபிடிச்சான், உடனே பானைகளை வேகமா, நிறைய, ஒரே மாதிரி செய்ய ஆரம்பிச்சான், நகரங்கள் வளர்ந்துச்சு. நடுவுல ஒரு அம்புக்குறி. இன்னைக்கு எபிசோட் அந்த அம்புக்குறியைப் பத்தித்தான். ஏன்னா அது குறைஞ்சது ஆயிரம் வருஷத்தைச் சத்தமில்லாம முழுங்கிடுது.

இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான் இருக்கிற பகுதிக்குப் போவோம். காலம், கி.மு. 5-ஆம் ஆயிரமாண்டின் பிற்பகுதி. அங்கே கிடைத்த மண்பாத்திரங்களில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கு, பக்கவாட்டில் பார்த்தா புனல் மாதிரி விரிஞ்சிருக்கும். உள்பக்கம் வட்ட வட்டமா, சீரான கோடுகள். கோடு இருந்தா சக்கரத்தில் வனைஞ்சதுதான்னு ரொம்ப காலம் நினைச்சிட்டு இருந்தாங்க.

வாலண்டைன் ரூ என்கிற பிரெஞ்சுத் தொல்லியலாளர், மேரி-ஆக்னஸ் கூர்ட்டி என்பவரோட சேர்ந்து இதை மறுபடி ஆராய்ஞ்சு 1998-ல் எழுதினாங்க. ஓட்டோட குறுக்கு வெட்டில் மண்துகள்களும் நுண்துளைகளும் எப்படிப் படிஞ்சிருக்குன்னு பார்த்தாங்க. வெளியே தெரிஞ்ச கதை வேற, உள்ளே இருந்த கதை வேற. அந்தக் கிண்ணங்களை முதலில் கையாலதான் கட்டியிருக்காங்க. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, முறுக்கு சுத்துற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதுக்கப்புறம் சக்கரத்தில் வெச்சுச் சுத்தி மெலிசாக்கி மெருகேத்தியிருக்காங்க. சக்கரம் இருந்தது. ஆனா ஒரு உருண்டை மண்ணிலிருந்து நேரா பானையை எழுப்புறது, தமிழ்ல 'வனைதல்'னு தனி வினைச்சொல்லே வெச்சிருக்கோமே, அது நடக்கலை.

(ஒரு சின்னக் கிளைக்கதை. இங்கிலீஷ்ல இதை 'த்ரோயிங்'னு சொல்றாங்க. யாரும் மண்ணை எறியலை. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் முறுக்குதல், திருப்புதல்னு பொருள்.)

சரி, கையில சக்கரம் இருந்தும் ஏன் வனையலை? நாலு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா எனக்கு இது ஒரு கேள்வியாவே பட்டிருக்காது. இப்ப செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு ஒரு மண்பாண்ட வகுப்புக்குப் போறேன். ஆறு பேர், ஆறு எலெக்ட்ரிக் சக்கரம், அதில் நாலு பேர் ஐடி. அங்கே முதல் பாடம் சென்டரிங். மண் உருண்டையைச் சக்கரத்தோட நட்டநடுவில் நிறுத்தணும், அவ்வளவுதான். கேட்க ஒண்ணுமில்லாத வேலை. மண் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் அது கையைத் தள்ளும். கை அதோட சேர்ந்து ஆடினா விலகல் இன்னும் அதிகமாகும். அதனால கை மண்ணோட போகவே கூடாது. முழங்கையைத் தொடையில ஊன்றி, உடம்பையே ஒரு கம்பம் மாதிரி நிறுத்தணும். அழுத்தத்தை மெதுவா கொடுத்து, அதைவிட மெதுவா எடுக்கணும். "கையை வெடுக்குனு எடுக்காதீங்கப்பா"ன்னு எங்க டீச்சர் அக்கா ஒரு வகுப்புக்கு இருபது தடவையாவது சொல்வாங்க.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சுழற்சி உந்தம் பத்திப் பரீட்சையில பத்து மார்க் கேள்வியே எழுதியிருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சென்டரிங் ஆனதுக்கு அப்புறம்தான் குழி எடுக்கிறது, சுவரை எழுப்புறது. அதுல ரெண்டு கையும் வேற வேற வேலை செய்யணும். உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல், நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர். அதோட தடிமனை விரல் நுனியாலதான் படிக்கணும். தடிமன் ஒரு பக்கம் குறைஞ்சா முழுப் பானையும் ஒரு நொடியில மடங்கி உட்கார்ந்துரும்.

இதை யாராவது அளந்து பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க, அதே ரூதான். டெல்லி உத்தம் நகர்ல குயவர்கள் குடியிருப்பு ஒண்ணு இருக்கு. 1980-கள்ல டேனியலா கார்பெட்டா என்பவரோட அங்கே போய், பிள்ளைங்க எந்த வயசுல என்ன அளவுப் பானை செய்யறாங்கன்னு கவனிச்சுக் குறிச்சாங்க. சின்ன அகல்ல ஆரம்பிச்சு, படிப்படியா உயரம் கூடி, பெரிய பானைகளைச் சரளமா வனையற நிலைக்கு வர சுமார் பத்து வருஷம். மண்கயிறு அடுக்கிக் கட்டுறதைக் கத்துக்க இவ்வளவு காலம் வேண்டாம். முக்கியமான விஷயம் என்னன்னா, ஒரு முறையில நிபுணரா இருக்கிறது இன்னொரு முறைக்கு உதவாது. தேவைப்படுற கை அசைவுகளே வேற.

இப்ப மறுபடி அந்தப் பழைய குயவரை நினைச்சுப் பாருங்க. அவருக்குச் சுவர் கட்டத் தெரியும், அது நல்லாவும் வருது. ஒரு புது இயந்திரம் வந்திருக்கு. அதை முழுசா பயன்படுத்தணும்னா கையிலிருக்கிற வித்தையை ஓரமா வெச்சுட்டு, பல வருஷம் உடைஞ்ச பானையா செஞ்சுட்டு இருக்கணும். அவர் ஏன் செய்யணும்? தெரிஞ்ச வேலையோட கடைசிப் படிக்கு மட்டும் சக்கரத்தைச் சேர்த்துக்கிட்டார். நம்ம ஆபீஸ்ல புது டூல் வந்தா நாம செய்யறதும் இதுதானே?

கதையில எனக்கு உறைச்ச இடம் அடுத்து வருது. அந்தக் கிண்ணங்கள் அன்றாடச் சமையலுக்கானவை இல்லை, சடங்குக்கானவைன்னு ரூ சொல்றாங்க. செஞ்சவங்களும் ரொம்பக் கொஞ்சம் பேர். மற்ற பானைகளைச் செஞ்ச குயவர்களுக்கு அந்தச் சக்கர வேலை போய்ச் சேரவே இல்லை. அந்தச் சமூக அமைப்பு குலைஞ்சப்போ சடங்கு நின்னுச்சு, கிண்ணத்துக்குத் தேவை போச்சு, சக்கர நுட்பமும் அந்தப் பகுதியிலிருந்து காணாமப் போச்சு. பிறகு வேற காலத்தில், வேற ஆட்களால திரும்பி வந்தது. சாஃப்ட்வேர்ல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வோம். டீம்ல எத்தனை பேர் மேல பஸ் ஏறினா ப்ராஜெக்ட் நிக்கும்ங்கிற கணக்கு. கல்லுல செஞ்ச சக்கரம் ஆறாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடாம இருக்கும். அதைப் பயன்படுத்தின கை ஒரு தலைமுறை இடைவெளியைக்கூடத் தாங்காது.

எகிப்தில் சக்காராவில் தீ என்கிற அதிகாரியோட கல்லறை இருக்கு, சுமார் கி.மு. 2400. அங்கே சுவரில் ஒரு குயவர் சக்கரத்தில் வேலை செய்யறார். பின்னாடி ஹட்ஷெப்சுட் அரசியோட கோவில்ல க்னூம் என்கிற கடவுளே சக்கரத்தில் அரசியை வனையறார். கடவுளுக்குக் கொடுக்கிற அளவுக்கு அந்த வேலைக்கு மதிப்பு வந்தாச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். புறநானூறு 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் குயவரைக் கூப்பிட்டு, எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரி தாழியை அகலமா செய்னு கேக்கிறாள். ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரே தோண்டி எடுத்த மாதிரியான பெரிய தாழிகளை ஒரே உருண்டையிலிருந்து வனைஞ்சு எழுப்ப முடியாது. கட்டித்தான் ஆகணும். அகலமா செய்யறதுன்னா அந்தக் குயவருக்கு எவ்வளவு கூடுதல் வேலைன்னு வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது.

மானாமதுரை கடத்தையும் பாருங்க. முதலில் சக்கரத்தில் வனைவாங்க. கொஞ்சம் காய்ஞ்சதும் உள்ளே கல்லைப் பிடிச்சுக்கிட்டு வெளியே மரத்தட்டால அடிப்பாங்க, ஆயிரக்கணக்கான அடி. நாதம் அந்த அடியில்தான் வருது. அந்த வேலைக்காக மானாமதுரை மீனாட்சி அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைச்சுது. இந்தியாவில் பல குயவர் சமூகங்களில் பெண்கள் சக்கரத்தில் உட்காரக் கூடாதுன்னு வழக்கம் உண்டு. மண் மிதிக்கிறது, தட்டுறது, காய வைக்கிறது எல்லாம் அவங்க கை. ஆனா குயவர்னதும் நமக்கு ஞாபகம் வர்ற படத்தில் சக்கரமும் ஒரு ஆணும் மட்டும்தான். எங்க வகுப்பில் ஆறில் நாலு பேர் பெண்கள். காசு கட்டி வர்றதால யாரும் தடுக்கலை.

அந்த வகுப்பு எங்கிருந்து வந்தது? எங்க அக்காவோட குரு புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர். 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித்னு ரெண்டு அமெரிக்கர்கள் தொடங்கினது. டெபோரா ஜப்பானில் மண்பாண்டம் கத்துக்கிட்டவர். ஆக, ஜப்பான்ல கிளம்பி அமெரிக்கர் கை வழியா புதுச்சேரி வந்து சென்னைக்கு வந்த வித்தையை நான் மாசக் கட்டணம் கட்டிக் கத்துக்கிறேன். அதைக் குறையா சொல்லலை. நல்ல பள்ளி, நல்ல பரம்பரை.

ஆனா அதே ஸ்டுடியோவில் மண் பிசைஞ்சு தர்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார். செங்கல்பட்டுப் பக்கம், குயவர் குடும்பம். எங்க வகுப்பு முடிஞ்சதும் மிச்ச மண்ணை எடுத்து, என்கிட்ட பேசிக்கிட்டே, சக்கரத்தைப் பார்க்காமலே நாலு அகல் எடுப்பார். டீச்சர்கள் பட்டியலில் அவர் பேர் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். "சொல்லியெல்லாம் குடுக்கலை தம்பி. அப்பா பக்கத்துல உக்கார வெச்சாரு. ஏழு வயசு."

பையனுக்கு?

"பி.காம் ரெண்டாவது வருஷம். சக்கரத்துல உக்காந்ததே இல்லை. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவர் சொன்னதில் வருத்தம் எதுவும் தெரியலை. சொல்லிட்டு, அகல் நாலையும் திரும்பப் பிசைஞ்சு, நாளைக்கு வர்ற பேட்ச்சுக்காக ஈரத்துணி போட்டு மூடி வெச்சார்.