ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி



"நம்ம பள்ளியிலே பிள்ளைங்களே கொஞ்சம்தான். இங்க படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்களுக்காகப் பழைய வரலாறு ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். நடந்த இடம் தூரமில்லை. கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டினால் சிங்கப்பூர்.

1887 ஜூலை 16ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் பிறந்த சோஃபியா பிளாக்மோர் என்னும் மெதடிஸ்ட் சபை ஊழியர் அங்கே வந்திறங்கினார். வயது 29. புது ஊர், புது மொழிகள். பெண் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று பலர் கேட்ட காலம் அது. ஆனால் நம் தமிழர் சிலர் தங்கள் பெண் மக்களுக்குக் கல்வி வேண்டுமென்று முன்வந்தார்கள். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீடு கிடைத்தது. அம்மையார் வந்து ஒரு மாதம் நிறைவதற்குள், ஆகஸ்ட் 15இல், தமிழ்ப் பெண்கள் பள்ளி திறந்தாயிற்று! பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பதே பேர்!

அம்மையார் மலாய் மொழி கற்றார். 1888இல் சீனப் பெண்களுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார். ஏறக்குறைய நாற்பதாண்டு உழைத்து, 1928இல் விடைபெற்றார். அன்றைய ஒன்பது பேர் பள்ளிதான் இன்று புகழோடு விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி.

பெற்றோர்களே! ஆசிரியர் வந்தால் மட்டும் பள்ளி உருவாகிவிடாது. பிள்ளையை அனுப்பி வைக்கும் தாய் தகப்பன் வேண்டும். தம்பியைப் பாத்துக்க ஆளில்லேன்னு பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். எண்ணிக்கை சிறிதென்று தயங்காதீர்கள். ஒன்பது பேர் போதும், பள்ளி வளர!