சேத்துப்பட்டில் மாறிய அளவுகோல்

க்ஷயரோகிக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறதா என்று அறிய முந்தைய தலைமுறையார் கேட்ட கேள்விகள், அவன் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறான், எவ்வளவு பாலும் முட்டையும் உண்கிறான், சென்ற மாதத்தைக்காட்டிலும் எத்தனை ராத்தல் ஏறியிருக்கிறான் என்பனவே. ஜெர்மானிய வைத்தியர் பிரேமர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சைலீஷிய மலைக் கிராமமொன்றில் தொடங்கிவைத்த சானடோரிய சம்பிரதாயத்தை, 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தருகே நிலைநாட்டினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் முன்னர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜனும் சில காலம் நோயாளியாய்த் தங்கியிருந்தார்.

ஸ்ட்ரெப்டோமைசினும், பாஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் பாரா-அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்த பிறகு மருந்துக்குக் குறைவில்லை. ரோகிகளின் தொகைக்குப் படுக்கைகள்தாம் போதவில்லை. ஆகவே, வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலுமா என்று ஆராய, சென்னை சர்க்காரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நகரத்து ஏழைகளான 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருத்தி, மற்றவரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, இரு சாராருக்கும் ஒரே விதமான மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள்.

பழைய தராசையே நம்பியிருந்தால் தீர்ப்பு எளிதாக இருந்திருக்கும். நல்ல ஆகாரமும் ஓய்வும் பெற்ற சானடோரியத்தார்தாம் எடையில் அதிகம் ஏறினர். ஆனால் கோழையில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தபோது, அங்கே நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் 86 பேரும் நோய் அடங்கியவராய்க் காணப்பட்டனர். இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து வீட்டுச் சிகிச்சையைத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தாருக்கு நோய் தொற்றிவிடுமே என்ற அச்சத்துக்கும், அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்ததில் ஆதாரம் கிட்டவில்லை. உடல் தேறிய அழகைக் கண்டு மகிழ்வது வேறு, கிருமி ஒழிந்ததா என்று அறிவது வேறு என்பதை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி நம் நாட்டில் அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடச் சங்கடமான கேள்வியொன்றும் அங்கேயே எழுந்தது. கொடுத்த மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போயிற்றா? பாஸ் என்பது நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய, குமட்டலையும் பேதியையும் உண்டாக்கக்கூடிய பண்டம். காய்ச்சலும் இருமலும் தணிந்து, வேலைக்குப் போகும் தெம்பும் வந்தபின் அதைத் தொடர எவருக்குத்தான் மனம் வரும்? எனவே ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, மிச்சமிருந்த மருந்தை எண்ணி, சிறுநீரையும் வாங்கிவந்தார்கள். பெர்ரிக் குளோரைடு பட்டதும் அது ஊதா கலந்த செந்நிறம் கொண்டால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். நோயாளியை இப்படிச் சந்தேகிப்பது மரியாதையா என்று கேட்பவர் கேட்கலாம். எழுதிக்கொடுத்த சீட்டையே சிகிச்சை என்று எண்ணிக்கொள்ளும் வைத்தியரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் 1960-களில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் கூடுதல் அளவு ஐசோனியாசிடையும் வாரம் இருமுறை ஊழியர் கண்ணெதிரே கொடுக்கும் முறையை அந்நிலையமே பரிசோதித்து, நாள்தோறும் வீட்டில் தாமாகவே விழுங்கும் பாஸ் முறைக்கு அது சற்றும் தாழ்ந்ததன்று என்று நிரூபித்தது.