பழவேற்காட்டின் பாடும் குர்ஆவும்

பழவேற்காடு என்றவுடன் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய ஜெல்டிரியாக் கோட்டையையே பலரும் நினைவுகூர்வர். நாம் இங்குக் கருதுவது அவ்வேரியின் 'பாடு' முறையை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர், இறால் மிகும் நீர்ப்பகுதிகளைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்து வந்துள்ளனர். மணமுடித்த ஆண், தலைக்கட்டாகிப் பங்கு பெறுவான். புதிய தலைக்கட்டு ஒவ்வொன்றாலும் மற்றவர்தம் முறை தள்ளிப்போகும். ஆயினும் வந்தவன் தம்மவன் என்பதால் ஊர் அதனைப் பொறுத்தது.

இறாலுக்கு ஏற்றுமதி விலை கூடியபின் பிற சமூகத்தாரும் ஏரியில் வலையிட வந்தனர். அவர்களுக்குப் பாட்டில் இடமில்லை; பூசல்கள் மூண்டன.

குர்ஆ நமக்குப் புதிதன்று. மர்யம் (அலை) அவர்களுக்குப் பொறுப்பேற்பவர் யாரென்றறிய எழுதுகோல்கள் எறியப்பட்டதைத் திருமறை (3:44) கூறுகிறது. கப்பலின் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் சீட்டால் பிரித்துக்கொண்டோரின் உவமை ஸஹீஹுல் புகாரியில் உண்டு. ஆனால் சீட்டு தன்னுள் இருப்போர்க்கே நீதி வழங்கும். உள்ளே வரத்தக்கவர் யார் என்பதை அது சொல்லாது. அவ்வினாவை மதீனா வேறுவகையில் எதிர்கொண்டது. முஹாஜிர்களுக்குத் தம் பேரீச்ச மரங்களைப் பங்கிட்டுத் தர அன்ஸாரிகள் முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. உழைப்பு முஹாஜிர்களுடையது, விளைச்சல் இருசாரார்க்கும் என்று முடிவாயிற்று.